4 லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு 22 லட்சம் டூரிஸ்ட்: எரிமலை வெடித்தாலும் ஐஸ்லாந்து ஏன் கதவை மூடுவதில்லை?

ரீல்ஸில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கறுப்பு மணல் கடற்கரை, பச்சை நிறத்தில் அலையாடும் வானம், பால் கலந்த மாதிரி வெளிர்நீலத் தண்ணீரில் முகம் முழுக்க வெள்ளைச் சேறு பூசிக்கொண்டு சிரிக்கும் ஜோடி. கீழே 'ஐஸ்லாந்து, பக்கெட் லிஸ்ட்' என்று ஒரு ஹேஷ்டேக்.

அந்த வெளிர்நீலக் குளத்தின் பெயர் ப்ளூ லகூன். அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் கிரிண்டாவிக் என்ற ஊர் இருக்கிறது. சுமார் 3,800 பேர் வாழ்ந்த மீன்பிடி ஊர். 2023 நவம்பர் 10 இரவு ஊர் மொத்தமும் காலி செய்யப்பட்டது. அதில் பெரும்பாலானவர்கள் வேறு ஊர்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். குளத்தில் மட்டும் ஆட்கள் குளித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரே நிலம். ஒரு பக்கம் ஊரே காலி, இன்னொரு பக்கம் டிக்கெட் போட்டுக் குளியல். இது எப்படிங்க நடக்குது? பதிலைத் தேடிப் போனால், அந்த நாடு ஆபத்தை எப்படிப் பார்க்கிறது என்பதில் வந்து நிற்கிறோம். அங்கே டூர் போக நினைப்பவர்கள் ரீல்ஸுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான்.

முதலில், எப்படிப்பட்ட நாடு இது?

வட அட்லாண்டிக் கடலில், நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி இருக்கும் தீவு. பரப்பளவு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் அதிகம். ஆனால் மக்கள்தொகை 4 லட்சத்துக்கும் கீழே. மதுரை மாநகரில் வசிப்பவர்களில் பாதி கூடக் கிடையாது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் தலைநகர் ரெய்க்யவிக்கிலும் அதைச் சுற்றியும் இருக்கிறார்கள். மீதி நிலம் பனியாறு, எரிமலைப் பாறை, புல்வெளி, ஆடு. ரயிலே கிடையாது. நிரந்தர ராணுவம் கிடையாது. ஆனால் 1949-ல் நேட்டோவைத் தொடங்கிய நாடுகளில் இதுவும் ஒன்று.

கொசு கூடக் கிடையாது என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். 2025 அக்டோபரில் மூன்று கொசுக்கள் பிடிபட்டன. அது அங்கே தேசியச் செய்தி!

வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் விலகிச் செல்லும் கோட்டின் மேலேயே இந்தத் தீவு உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுக்கு சுமார் 2 சென்டிமீட்டர் விலகல். நகம் வளரும் வேகம்தான். ஆனால் அந்த இடைவெளியை நிரப்ப அடியிலிருந்து மாக்மா வரும். நாடு முழுக்க சுமார் 30 எரிமலை அமைப்புகள் உயிரோடு இருக்கின்றன.

கிரிண்டாவிக்கில் அந்த இரவு என்ன நடந்தது?

கிரிண்டாவிக் இருப்பது ரெய்க்யனெஸ் தீபகற்பத்தில். தலைநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். அங்கே சுமார் 800 ஆண்டுகள் எந்த எரிமலையும் வெடிக்கவில்லை. 2021 மார்ச்சில் அந்தத் தூக்கம் கலைந்தது. ஆனால் முதல் வெடிப்பு ஆள் இல்லாத பள்ளத்தாக்கில் நடந்ததால், அது கிட்டத்தட்ட பிக்னிக் ஸ்பாட் ஆனது. லட்சக்கணக்கானவர்கள் நடந்துபோய்ப் பார்த்தார்கள். லாவா சூட்டில் சாசேஜ் வாட்டிச் சாப்பிட்ட படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. 2022-லும் 2023 கோடையிலும் அதே பகுதியில் மறுபடி வெடிப்பு. அதுவும் வேடிக்கை பார்க்கும் விஷயமாகவே போனது.

2023 நவம்பரில் மாக்மா இடம் மாறி, கிரிண்டாவிக் ஊருக்கு அடியிலேயே நீளமான ஒரு பாதையாக ஊடுருவியது. நாள் முழுக்க நிலநடுக்கம். சாலைகள் பிளந்தன. இரவோடு இரவாக எல்லோரும் கிளம்பச் சொல்லப்பட்டார்கள். நாட்டின் மக்கள்தொகையில் 1 சதவீதம் பேர் ஒரே ராத்திரியில் வீடிழந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கணக்கில் அது 7 லட்சம் பேருக்கு மேல்.

டிசம்பர் 18-ல் நிலம் பிளந்து லாவா வந்தது. ஊரைக் காக்க மண்ணையும் பாறையையும் குவித்துப் பெரிய தடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். 2024 ஜனவரி 14-ல் அடுத்த வெடிப்பு. சுவர் தன் வேலையைச் செய்தது, லாவாவைத் திருப்பிவிட்டது. ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம், ஊரை ஒட்டியே இன்னொரு பிளவு திறந்தது. மூன்று வீடுகள் எரிந்தன. நேரலையில். அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களும் நம்மைப் போலவே டிவியில்தான் அதைப் பார்த்தார்கள்.

அதோடு முடியவில்லை. 2023 டிசம்பர் முதல் 2025 ஜூலை வரை இந்த ஒரே பகுதியில் 9 முறை வெடிப்பு. இதில்தான் பழைய அனுபவம் கைகொடுக்காமல் போனது. 1973 ஜனவரியில் வெஸ்ட்மன் தீவுகளில் இதே போல நடந்தது. சுமார் 5,000 பேரை ராத்திரியோடு ராத்திரியாக மீன்பிடிப் படகுகளில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். கடல்நீரைப் பீய்ச்சி அடித்து லாவாவைக் குளிரவைத்துத் துறைமுகத்தை மீட்டார்கள். ஐந்து மாதங்களில் வெடிப்பு நின்றது. சாம்பலை வாரிப் போட்டுவிட்டுப் பெரும்பகுதி மக்கள் திரும்பி வந்தார்கள். கிரிண்டாவிக்கில் அந்த 'நின்றது' என்ற நாள்தான் பிரச்னை. ஒவ்வொரு முறையும் நிற்கிறது. அப்புறம் அடியில் மறுபடி மாக்மா சேர்கிறது.

கடைசியில் அரசே தோர்காட்லா என்ற நிறுவனத்தை உருவாக்கி வீடுகளை வாங்கிக்கொண்டது. தீ விபத்துக் காப்பீட்டு மதிப்பில் 95 சதவீதம் விலை. பெரும்பாலானவர்கள் விற்றுவிட்டார்கள்.

இத்தனை நடந்தும் விமானம் ஏன் நிற்கவில்லை?

பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. 2010-ல் இதே நாட்டில் ஓர் எரிமலை வெடித்து ஐரோப்பா முழுக்க விமானங்கள் ஒரு வாரம் அளவுக்கு முடங்கினவே! எய்யாஃபியாட்லயோகுட்ல். செய்தி வாசிப்பவர்களை உலகம் முழுக்கத் திணறவைத்த பெயர். இப்போது தட்டச்சு செய்யும்போதே எனக்கு ரெண்டு முறை தப்பானது.

வித்தியாசம் ரொம்ப எளிமை. அந்த எரிமலை பனியாற்றுக்கு அடியில் இருந்தது. கொதிக்கும் மாக்மா பனியையும் தண்ணீரையும் தொட்டதும் வெடித்துச் சிதறி மெல்லிய சாம்பலானது. அந்தச் சாம்பல் ஜெட் இன்ஜினுக்கு எமன். ரெய்க்யனெஸில் பனியாறு இல்லை. நிலம் கோடு போட்ட மாதிரி பிளந்து லாவா வழிகிறது. சாம்பல் ரொம்பக் குறைவு. அதனால் அதே தீபகற்பத்தில் இருக்கும் கெப்லாவிக் சர்வதேச விமான நிலையம் வழக்கம்போல இயங்குகிறது. கவலை வேறு: கந்தக டை ஆக்சைடு. காற்று வீசும் திசையைப் பொறுத்து, பக்கத்து ஊர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டிய நிலை வரும்.

சுட்டதும் இதே நெருப்பு, சோறு போடுவதும் இதே நெருப்பு

ஐஸ்லாந்தில் சுமார் 90 சதவீத வீடுகளை நிலத்தடி வெப்பம்தான் சூடாக வைத்திருக்கிறது. குழாயைத் திறந்தால் வரும் வெந்நீரில் லேசாக முட்டை அழுகிய வாடை அடிக்கும். அது கந்தகம். (குடிக்கும் குளிர்ந்த தண்ணீர் தனி. அது சுத்தம். பாட்டில் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.) சின்ன ஊரில்கூட வெந்நீர் நீச்சல்குளம் இருக்கும். நம்ம ஊர் டீக்கடை பெஞ்சு செய்கிற வேலையை அங்கே அந்தக் குளம் செய்கிறது. அரசியல், வாடகை, வானிலை எல்லாம் கழுத்தளவு வெந்நீரில்தான் அலசப்படும். இறங்குவதற்கு முன் உடையில்லாமல் சோப்பு போட்டுக் குளிக்க வேண்டும் என்பது கறாரான விதி. நம்மூர்க்காரர்கள் பலர் தயங்கி நிற்கும் இடம் இது.

ப்ளூ லகூனே இயற்கைக் குளம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையம் பயன்படுத்தி வெளியேற்றிய தண்ணீர் லாவாப் பாறைகளுக்கு நடுவில் தேங்கி உருவானது. அதுவே இன்று நாட்டின் மிகப் பிரபலமான சுற்றுலாத் தலம்!

அந்த மின்நிலையத்தைக் காப்பாற்ற ஏன் இத்தனை போராட்டம் என்பது 2024 பிப்ரவரி 8-ல் புரிந்தது. லாவா வெந்நீர்க் குழாயை அறுத்தது. கடுங்குளிரில் 20,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வீட்டைச் சூடாக்க வழியில்லாமல் போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் மின்சார ஹீட்டர் போட்டால் மின்சாரமும் போய்விடும், பார்த்துப் பயன்படுத்துங்கள் என்று அரசு கெஞ்சியது. அதே ஆண்டு நவம்பரில் ப்ளூ லகூனின் கார் பார்க்கிங்கை லாவா மூடியது. தடுப்புச் சுவரால் கட்டடங்கள் தப்பின. கொஞ்ச நாளில் மறுபடி திறந்துவிட்டார்கள்.

'சொல்லிட்டோம், இனி உங்க பொறுப்பு'

ஐஸ்லாந்து ஆபத்தைத் துல்லியமாகக் கண்காணிக்கும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுக்கும். பிறகு பெரும்பாலான நேரங்களில் முடிவை உங்களிடமே விட்டுவிடும். 2024 பிப்ரவரி 20 முதல் கிரிண்டாவிக் மக்களும் அங்கே தொழில் நடத்துபவர்களும் உள்ளே போகலாம், இரவு தங்கவும் செய்யலாம் என்று காவல்துறை அனுமதித்தது. ஆனால் சொந்தப் பொறுப்பில். பள்ளிக்கூடம் இயங்காது.

'தெத்த ரெட்டாஸ்ட்' என்று அவர்களிடம் ஒரு சொலவடை. நம்ம மொழியில் சொன்னால் 'விடு, எப்படியாவது சரியாகிடும்'. ஆயிரம் ஆண்டுகளாகப் புயலோடும் கடலோடும் வாழ்ந்தவர்கள் சொன்னால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. கடல் எப்படி இழுக்கும், காற்று எப்போது திரும்பும் என்று அவர்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பள்ளியில் நீச்சல் கட்டாயப் பாடம். பயிரிடாத நிலத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது சட்டமே கொடுக்கும் உரிமை.

ஆனால் நேற்று இறங்கி நாலு நாளில் திரும்பப்போகும் டூரிஸ்டுக்கு இதில் என்ன தெரியும்? 2010-ல் 5 லட்சத்துக்கும் குறைவான வெளிநாட்டவர்தான் வந்தார்கள். 2018-ல் 23 லட்சம். கொரோனாவுக்குப் பிறகு 2024-ல் மறுபடி 22 லட்சத்தைத் தாண்டியது. 4 லட்சம் பேருக்காக, அந்த மண்ணை அறிந்தவர்களுக்காக உருவான ஏற்பாடு, 22 லட்சம் புதியவர்களைத் தாங்குமா?

கறுப்பு மணல் கடற்கரை என்று ரீல்ஸில் வருகிறதே, ரெய்னிஸ்ஃபியாரா, அதையே எடுத்துக்கொள்வோம். பார்க்க அமைதியாக இருக்கும். திடீரென்று ஓர் அலை மட்டும் மற்றவற்றைவிடப் பல மீட்டர் மேலேறி வந்து, காலை வாரிக்கொண்டு போய்விடும். தண்ணீர் உறையும் குளிர்; நீந்தத் தெரிந்தும் பயனில்லை. பல ஆண்டுகளாக அங்கே உயிரிழப்புகள் நடக்கின்றன. எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன, விளக்குகளும் வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் 9 வயது ஜெர்மன் சிறுமியை அலை இழுத்துச் சென்ற பிறகுதான், சிவப்பு விளக்கை இன்னும் முன்கூட்டியே எரியவிடுவது, பாதையில் தடுப்பு போடுவது என்று முடிவானது.

அதற்கு ஓர் ஆண்டு முன்பு, 2024 ஆகஸ்டில், பனியாற்றில் பனிக்குகை சுற்றுலாவின்போது பனி இடிந்து விழுந்து அமெரிக்கர் ஒருவர் இறந்தார். இன்னும் இருவர் புதைந்திருப்பதாக நினைத்து மீட்புக் குழு இரவெல்லாம் பனியைக் கையால் தோண்டியது. மறுநாள்தான் தெரிந்தது, அப்படி யாருமே இல்லை. எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்ற கணக்கே தப்பு. கோடையில் பனி இளகும் நேரத்தில் ஆட்களைக் குகைக்குள் கூட்டிப்போவது சரியா என்ற கேள்வி அதன் பிறகே பெரிதாக எழுந்தது. சுதந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு விதியும் ஒரு மரணத்துக்குப் பிறகுதான் வருகிறது என்றால், அதைப் பயணியின் பொறுப்பு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது என்றே தோன்றுகிறது.

சரி, மாட்டிக்கொண்டால் காப்பாற்ற வருபவர்கள் யார்? அரசு ஊழியர்கள் இல்லை. பெரும்பாலும் தன்னார்வலர்கள். தச்சர், ஆசிரியர், மீனவர், வங்கி ஊழியர் என்று வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வருபவர்கள். சம்பளம் கிடையாது. மீட்கப்பட்டவரிடம் பில் நீட்டுவதும் இல்லை. இவர்களுடைய வருமானத்தில் பெரிய பங்கு எதிலிருந்து தெரியுமா? புத்தாண்டு இரவு பட்டாசு விற்பனை. ஊர்க்காரர்கள் வாங்கி வெடிக்கும் பட்டாசுக் காசில், புயலில் கார் சிக்கிய வெளிநாட்டவர் காப்பாற்றப்படுகிறார்.

வாடகை ஏறிய கதை

2008-ல் நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே மாதத்தில் கவிழ்ந்தன. பணமதிப்பு சரிந்ததும், எட்டாத விலையில் இருந்த ஐஸ்லாந்து வெளிநாட்டவருக்கு மலிவானது. 2010 எரிமலை இலவச விளம்பரம் கொடுத்தது. மீனையும் அலுமினியத்தையும் நம்பியிருந்த நாட்டைச் சுற்றுலா தூக்கி நிறுத்தியது. இது உண்மை, மறுக்க முடியாது.

ஆனால் ஹோட்டலில் படுக்கை விரிக்க ஆள் வேண்டுமே. இன்று நாட்டில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர். அதில் போலந்துக்காரர்களே அதிகம். ரெய்னிஸ்ஃபியாராவுக்குப் பக்கத்து ஊரான வீக் பகுதியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டவர். அவர்களுக்காக ஆங்கிலத்தில் நடக்கும் ஆலோசனை மன்றமே இருக்கிறது. இவர்களும் தங்க வீடு வேண்டும். வீடுகளோ சுற்றுலா வாடகைக்குப் போகின்றன. சொந்த வீட்டை டூரிஸ்டுக்கு விடுவது ஆண்டுக்கு 90 நாள் மட்டும் என்று வரம்பு வைத்தும் நெருக்கடி தீரவில்லை. அந்தச் சந்தையில்தான் கிரிண்டாவிக்கின் 3,800 பேரும் திடீரென்று வீடு தேடி வந்து நின்றார்கள்.

போகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?

இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐஸ்லாந்து இல்லை, ஆனால் ஷெங்கன் பகுதியில் 2001 முதல் இருக்கிறது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. 2018 டிசம்பரில் டெல்லியிலிருந்து வாவ் ஏர் சில வாரங்கள் பறந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் நிறுவனமே மூடப்பட்டது. இன்னொரு மலிவு விலை நிறுவனமான ப்ளே 2025 செப்டம்பர் 29-ல் ஒரே நாளில் எல்லா விமானங்களையும் நிறுத்தியது. மலிவு டிக்கெட் போடும்போது, ரத்தானால் பணம் திரும்ப வரும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

வடதுருவ ஒளி வேண்டுமென்றால் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை. ஆனால் டிசம்பரில் பகல் வெளிச்சம் 4, 5 மணி நேரம்தான். ஜூனில் போனால் நள்ளிரவிலும் வெளிச்சம். ஒளி நடனம் தெரியாது. ரெண்டும் ஒரே டிரிப்பில் கிடைக்கும் என்று யாராவது பேக்கேஜ் விற்றால் உஷார். சரக்கு? அங்கேயும் நம்ம டாஸ்மாக் மாதிரி அரசே நடத்தும் கடைதான். விலையைப் பார்த்தாலே போதை இறங்கிவிடும்.

உண்மையான ஆபத்து எரிமலையைவிடச் சாலையில்தான் அதிகம். தீவைச் சுற்றி வரும் 1-ம் எண் சாலை சுமார் 1,320 கிலோமீட்டர். வாடகைக் காரில் சுற்றுவதுதான் ஃபேஷன். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்குக் கை தானாகத் திரும்பும். ஒரே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலங்கள் இன்னும் இருக்கின்றன. 2018 டிசம்பரில் அப்படி ஒரு பாலத்திலிருந்து கார் கீழே விழுந்து, இந்திய வம்சாவளி பிரிட்டிஷ் குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். 'எஃப்' என்று தொடங்கும் மலைச்சாலைகள் கோடையில் மட்டும் திறக்கும், நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு மட்டும். ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் புகுந்தால் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கிடையாது. காற்று கார் கதவையே பிய்த்து எடுக்கும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்கும் பெரும்பாலும் காப்பீடு வராது. கதவைத் திறக்கும்போது ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். அவசர எண் 112. அதன் செயலியை இறங்கியதும் போனில் ஏற்றிவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம், தமிழ் படித்தவன் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கேயும் குடும்பப்பெயர் வழக்கம் கிடையாது. நம் இனிஷியல் மாதிரி, அப்பா அல்லது அம்மா பெயரோடு மகனுக்கு 'சொன்', மகளுக்கு 'தோத்திர்' சேர்த்துக்கொள்கிறார்கள். பிரதமரைக்கூட முதல் பெயரில்தான் கூப்பிடுவார்கள். கணினிக்கு ஆங்கிலச் சொல்லை எடுக்கவில்லை. 'எண்' என்ற சொல்லையும் 'குறி சொல்பவள்' என்ற பழஞ்சொல்லையும் கலந்து 'தோல்வா' என்று புதுச்சொல் ஆக்கினார்கள். 4 லட்சம் பேர் பேசும் மொழி!

கிரிண்டாவிக் இப்போது?

துறைமுகத்துக்குப் படகுகள் வருகின்றன. பகலில் சில கடைகள் திறக்கின்றன, எரிமலைப் பிளவைப் பார்க்க டூரிஸ்ட் வேன்களும் வருகின்றன. அரசுக்கு விற்ற வீட்டை முன்னாள் உரிமையாளரே போய்ப் பராமரிக்கலாம் என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். நிலம் அமைதியாகி வீடுகள் மறுபடி விற்பனைக்கு வந்தால், திரும்ப வாங்கிக்கொள்ளும் முன்னுரிமையும் அவர்களுக்குத்தான். தோட்டத்தைச் சரி பண்ணிவிட்டு, ஜன்னலைத் துடைத்துவிட்டு, சாயங்காலம் வேறு ஊரில் இருக்கும் வாடகை வீட்டுக்குக் கிளம்புகிறார்கள்.